யார் கூப்பிட்டாலும்

டிவியின் அடியில் ஓடும் எழுத்துகளை அமலோற்பவமேரியால் ஒரு நாளும் கடைசி வரை படித்து முடிக்க முடிந்ததில்லை. அவள் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த நான்கு சொற்கள் திரையின் ஓரத்தில் போய் மறைந்துவிடும். ஓடாத எழுத்தென்றால் பரவாயில்லை. கோயில் சுவரில் ஒட்டியிருக்கும் பூசை நேரம், ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் படித்துவிடுவாள். ஓடுகிற எழுத்துக்குத்தான் அவளிடம் பொறுமை கிடையாது.

அவள் படிப்பு நின்ற விதமும் வேடிக்கையானது. ஏழாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், வாசிக்கத் திணறுகிற ஐந்து பிள்ளைகளை ஆசிரியர் தனியாக நிறுத்தி, “நாளைக்கு நீங்க வர வேணாம், வீட்லயே இருங்க” என்றார். நான்கு பேர் ஒரு நாள் விட்டு மறுநாள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அமலோற்பவமேரி போகவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு நாளைக்குத்தானா, எப்போதைக்குமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. யாரும் அவளைத் தேடி வரவும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, பிறகு மல்லாட்டை என்று ஊரில் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கும் பருவம் வந்துவிட்டது.

அந்த ஏழு வருஷத்தில் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒன்றை மட்டும் நன்றாகப் பழக்கியிருந்தது. கேட்காதே, பார். முன்னால் இருப்பவள் நோட்டைத் திறந்தால் திற, எழுந்தால் எழு. முப்பத்து மூன்று வயதிலும் அவள் அப்படித்தான் இருந்தாள். வங்கியில் எந்த வரிசை என்று கேட்க மாட்டாள். பத்து நிமிஷம் தூண் ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சரியான வரிசையில் போய் நிற்பாள். அநேகமாகத் தப்பாது.

மிச்சத்தை டிவி கற்றுக்கொடுத்தது. புருஷன் ஸ்டீபன்ராஜ் லாரி ஓட்டிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று போய்விடுவான். வீட்டில் அவளும் நாலாவது படிக்கும் மகள் வெனிலாவும்தான். விருந்தாளி முன்னால் எப்படி நடப்பது, கோபத்தை முகத்தில் காட்டாமல் எப்படிப் பேசுவது, பெண்பிள்ளைக்கு என்ன சடை போடுவது என்பதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். பயமும் அதிலிருந்துதான் வந்தது. மத்தியான நேரத்தில் குற்றச் சம்பவங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கதவைத் தட்டி ஏமாற்றியது, தெரிந்தவர்போல் வந்தது, பிள்ளையைக் கூட்டிப்போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் கூடும். ஆனால் எழுந்து போக மாட்டாள். என்னென்ன வழியில் ஆபத்து வரும் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் இன்னும் பெரிய பயமாக இருந்தது.

அவர்கள் வீடு சங்கராபரணி ஆற்றை ஒட்டிய கீழத்தெருவில், திருவக்கரைக்குக் கொஞ்ச தூரத்தில். ஆற்றைத் தாண்டிச் சிறிது போனால் புதுச்சேரி எல்லை வந்துவிடும். ஊரில் பாதிப் பிள்ளைகள் வேனில் ஏறி அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போவார்கள். மீதிப் பேர் ஊர் மேட்டில் இருக்கும் பள்ளிக்கு. வெனிலாவும் அங்கேதான். மழைக்காலத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு லீவு, அடுத்த வீட்டுக்கு லீவு இல்லை என்றாகிவிடும். அந்தப் பக்கம் லீவு விடுவது வேறு அரசாங்கம், இந்தப் பக்கம் விடுவது விழுப்புரம் கலெக்டர்.

கார்த்திகை மாதத்தில் அந்த வியாழக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“மா, லீவு வுட்டாங்களா பாரு மா” என்றாள் வெனிலா, போர்வைக்குள்ளிருந்தே.

அமலோற்பவமேரி டிவியைப் போட்டாள். எழுத்து ஓடியது. ‘விடுமுறை’ என்பதைப் பிடித்தாள். அதற்கு முன்னால் போனது தெரியவில்லை. பிறகு ‘விழுப்புரம்’ வந்தது, அதற்குப் பின்னால் வந்தது நழுவிவிட்டது. உண்மையில் ஓடியது புதுச்சேரிக்கு விடுமுறை, விழுப்புரத்தில் கனமழைக்கு வாய்ப்பு என்பது. இரண்டு சொற்களை எடுத்து அவள் ஒரு செய்தியாகச் சேர்த்துக்கொண்டாள். இன்னொரு முறை வரட்டும் என்று காத்திருந்தபோது மின்சாரம் போய்விட்டது.

ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு மலர்விழியின் பிள்ளைகள் இரண்டும் யூனிஃபார்ம் இல்லாமல் தெருத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அது போதும். அந்தப் பிள்ளைகள் புதுச்சேரிப் பள்ளியில் படிப்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான்கு எட்டு வைத்து மலர்விழியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுக்கு வேலை திண்டிவனத்தில், மல்லாட்டை உடைக்கும் மில்லில் பருப்புப் பொறுக்குவது. சரக்கு நனையக்கூடாது என்று மழை நாளில்தான் கட்டாயம் வரச் சொல்வார்கள். பிள்ளையை மலர்விழி வீட்டில் விட்டுப் போகலாம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவள் நினைக்கவில்லை. மலர்விழியின் கொழுந்தன் ஒருவன் அங்கே வந்துபோவான். டிவியில் காட்டுவது முக்கால்வாசி அப்படித் தெரிந்தவன்தான்.

முன் கதவை வெளியே பூட்டுவாள், ஆள் இல்லாத வீடுபோலத் தெரியட்டும் என்று. பின் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். புறப்படும் முன்பு கேள்வி கேட்பாள், வெனிலா பதில் சொல்ல வேண்டும்.

“யாரு வந்து தட்டினாலும்?”

“தொறக்க மாட்டேன்.”

“பேரு சொல்லிக் கூப்புட்டா?”

“சத்தமே காட்ட மாட்டேன்.”

“மலர் ஆன்ட்டி கூப்புட்டா?”

வெனிலா கொஞ்சம் யோசித்தாள். “அவங்க நல்லவங்கதானே மா?”

“அவங்க பின்னாடி யாரு நின்னுக்கினு இருக்கான்னு நமக்குத் தெரியுமா?”

“தொறக்க மாட்டேன்.”

“கதவ ஒடச்சா?”

“ஒளிஞ்சுக்குவேன். எங்கன்னு உங்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

“போன்ல எங்கொரலு கேட்டா?”

“அது கம்ப்யூட்டரு” என்று வெனிலா சிரித்தாள். ஆளில்லாமலேயே அம்மா குரல்போலக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்று போன மாதம் டிவியில் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி பட்டியலில் சேர்ந்தது.

“நான் எதிர்ல வந்து நின்னாதான் நானு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மா. நீ போ, பஸ்ஸு போய்டும்.”

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மில்லில் தார்ப்பாய்க்கு அடியில் பெண்கள் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மாரியப்பன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். “யம்மா, திருவக்கரைப் பக்கத்துலேர்ந்து வர்றது யாரு? உங்க ஊர டிவியில காட்றான், வந்து பாரு.”

அமலோற்பவமேரி எழுந்து போனாள். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த சபியா பீவியும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள். கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள் சபியா; வாய் ஓயாதவள்.

திரையில் கீழத்தெரு தெரிந்தது. தெரு என்று சொல்ல முடியாது, சுவர்களுக்கு நடுவில் செம்மண் நிறத் தண்ணீர். மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: மேலே அணையில் தண்ணீர் திறக்கப்பட்டிருக்கிறது, தாழ்வான தெருவில் இருந்த மக்கள் அனைவரும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுவிட்டார்கள், இங்கே இப்போது ஒருவரும் இல்லை.

“அல்லாவே, எவ்ளோ தண்ணி” என்றாள் சபியா. “நல்ல வேள, எல்லாரையும் கூட்டிக்கினு பூட்டாங்க. ஏண்டி மூஞ்சி இப்டிப் போவுது? உம் பொண்ணு ஸ்கூல்லதானே இருக்கும், எல்லாரும் அங்கதானே போறாங்க?”

“ஸ்கூலு லீவுக்கா.”

“யாரு சொன்னா? எங்க ஓரகத்தி பொண்ணு காலையில குடய புடிச்சிக்கினு போச்சு. கலெக்டர் எங்க லீவு வுட்டாரு? பாண்டிக்குத்தான் வுட்டாங்க.”

அமலோற்பவமேரி டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிவி சொல்வது பொய்யென்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் தடவை அது. ஒருவரும் இல்லை என்று அவன் சொல்கிற தெருவில், வெளியே பூட்டிய வீட்டுக்குள், சத்தம் காட்டாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்தவர்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று போயிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் பிள்ளை அம்மாவோடு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

“புள்ள வூட்டுக்குள்ள இருக்குதுக்கா” என்றாள். குரல் வெளியே வரவில்லை. சபியா உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

வீட்டில் வேறு போன் கிடையாது. மலர்விழியின் போன் அணைந்திருந்தது. ஸ்டீபன்ராஜின் போன் ஏதோ இந்தியில் பேசியது. நாலாம் வகுப்புப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இரண்டு வருஷமாக அதில் எது வந்தாலும் அமலோற்பவமேரி கும்பிடும் கைப் படத்தை மட்டும் அனுப்புவாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று டீச்சருக்கே தெரியாது. டைப் அடிக்கப் பார்த்தாள். விரல் எழுத்தைத் தேடி அலைந்தது.

“குடுடி இங்க.” சபியா போனைப் பிடுங்கி மைக் படத்தை அழுத்தி அவள் வாயருகே வைத்தாள். “பேசு. ஜல்தியா பேசு. நாப்பது பேரு கேட்டா கேக்கட்டும்.”

“டீச்சர்... நான் வெனிலாவோட அம்மா பேசுறேங்க. புள்ள வூட்லயே இருக்குதுங்க. நாந்தான் பூட்டிட்டு வந்துட்டேன். யாராச்சும் போய்ப் பாருங்க டீச்சர். தண்ணி வந்துடுச்சுன்னு டிவில சொல்றாங்க. யாராச்சும் போங்க.”

ஒரு நிமிஷத்துக்குள் வகுப்பு டீச்சர் பிரின்சியே கூப்பிட்டார். பின்னால் பள்ளிக்கூடம் முழுக்க ஜனங்களின் இரைச்சல். “என்னம்மா சொல்றீங்க? காலையில ஆப்சென்ட் போட்டேன். எங்கியோ ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். இருங்க, ஆளுங்க போறாங்க. போன வைக்காதீங்க.”

வைக்கவில்லை. மாரியப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. டிவியின் சத்தத்தை அவர் குறைத்துவிட்டார். மைக் பிடித்திருந்தவனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பத்து நிமிஷம் கழித்துப் போனில் ஓர் ஆண் குரல் டீச்சரிடம் சொல்வது கேட்டது. “முழங்காலுக்கு மேல தண்ணி டீச்சர். பூட்ட ஒடச்சு உள்ள போயிட்டு வந்தோம். கத்திக் கத்திக் கூப்புட்டோம். கட்டிலு, சமையல் ரூமு எல்லாம் பாத்தாச்சு. பரண்லயும் டார்ச் அடிச்சோம், மூட்டதான் கெடக்குது. பின்னாடிக் கதவு...”

“பின்னாடிக் கதவு?”

“தொறந்து கெடக்குது. ஆத்துப் பக்கம்.”

தாழ்ப்பாள் இற்றுப்போன தாழ்ப்பாள்தான். தண்ணீர் தள்ளியும் திறந்திருக்கும். பிள்ளை திறந்தும் போயிருக்கும். இரண்டில் எது என்று யார் சொல்வது?

“டீச்சர், எங்கியாச்சும் ஒளிஞ்சுக்கினு இருக்கும் டீச்சர். கதவ ஒடச்சா ஒளிஞ்சுக்கன்னு நாந்தான் சொல்லி வெச்சேன்.”

“எங்க ஒளியும்மா? சொல்லுங்க!”

“தெரியாது டீச்சர். எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் நாந்தான் சொன்னேன்.”

“இருங்க, நானே போறேன்” என்றார் டீச்சர். பிறகு தண்ணீரை மிதித்து நடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூடவே மலர்விழியின் குரல். “டீச்சர், பள்ளம் இருக்குது, என் கையப் புடிச்சிக்கினு வாங்க. பாவி, பக்கத்து வூட்ல இருக்கிறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா!” அது தன் காதிலும் விழும் என்று மலர்விழிக்குத் தெரிந்திருக்குமா என்று அமலோற்பவமேரிக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்னாலும் தப்பில்லை.

“வீட்டுக்குள்ள வந்துட்டோம்மா. ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே கூப்பிடுங்க.”

அவள் கூப்பிட்டாள். மில்லில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்க்க, வாழ்நாளில் எழுப்பாத குரலை எழுப்பிக் கூப்பிட்டாள். “வெனிலா! அம்மாடி, அம்மா பேசுறேன்! வெளிய வாடி! டீச்சர் வந்திருக்காங்க, மலர் ஆன்ட்டி வந்திருக்காங்க!”

தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எதிரில் நின்றால்தான் நான். போனில் வந்தால் கம்ப்யூட்டர். மலர் ஆன்ட்டிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். காலையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பிள்ளை இப்போது சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒரு சத்தமும் காட்டாமல். இல்லையென்றால் பதில் சொல்லவே அங்கே ஆள் இல்லை.

“டீச்சர், தண்ணி ஏறிக்கினு வருது. இங்க புள்ள இல்ல. வாங்க போலாம்” என்றது ஆண் குரல்.

டீச்சர் நகர்ந்ததாகத் தெரியவில்லை. அங்கேயே நின்று அவர் பேசினார். ஆனால் அது கூப்பிடுகிற குரல் இல்லை. தினமும் காலையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், ஒரே இழுப்பில் சொல்கிற குரல்.

“ஆரோக்கிய ஜெனித்.”

இடைவெளி விட்டார்.

“இனியவன்.”

“இன்னா டீச்சர் பண்றீங்க?” என்றாள் மலர்விழி.

“ஃபர்ஹீன்.”

அமலோற்பவமேரி போனைக் காதுக்குள் நுழைத்துவிடுவதுபோல அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ராகம் தெரியும். பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் தண்ணீர் மோதியது.

“முகம்மது ஆசிப்.”

இடைவெளி.

“வெனிலா.”

“உள்ளேன் டீச்சர்.”

மேலேயிருந்து வந்த சின்னக் குரல். நீட்டி, வகுப்பில் சொல்வதுபோலவே. சொன்ன மறு விநாடி, தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டதுபோல அது நின்றுவிட்டது. “பரண் மேல! அந்த மூட்டைங்களுக்குப் பின்னாடி!” என்று மலர்விழி கத்தினாள். அதற்குப் பிறகு போனில் வெறும் கூச்சலும் தண்ணீரும்தான். அமலோற்பவமேரி மில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சபியா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “அழுவுடி, அழுவு, இப்ப அழுவலாம்” என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் கிட்டிப்போயிருந்தது.

அன்றைக்குச் சாலை முழுக்கத் தண்ணீர், பஸ் இல்லை. சபியா வீட்டில்தான் இருக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போனில் பிள்ளையைப் பேச வைத்தார்.

“சாப்ட்டியாடி?”

“பேசு” என்று டீச்சர் சொல்வது கேட்டது. பிறகு வெனிலா மெதுவாக, “நீ நெஜமாவே அம்மாவா?” என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். ஏழாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடத்து வராந்தாவைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை; பெற்றோர் கூட்டமென்றால் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அன்றைக்கு நேராக உள்ளே போனாள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். வெனிலா யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு உப்புமா தின்றுகொண்டிருந்தாள். அம்மா எதிரில் வந்து நின்றதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மலர்விழி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “உம் பொண்ணு வெவரந்தான்” என்றாள். “நான் தொண்ட கிழியக் கத்துறேன், மேல கேப்ப மூட்டைங்களுக்குப் பின்னாடி சாக்கப் போத்திக்கினு, எலி மாதிரி கண்ண முழிச்சுக்கினு இருந்திருக்குது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அமலோற்பவமேரி பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரின்சி டீச்சர் வந்தார். எப்படித் தோன்றியது என்று பலரும் கேட்டுவிட்டார்கள்போல, கேட்காமலேயே சொன்னார். “வேற என்ன பண்றதுன்னே தெரியலம்மா. கையும் ஓடல. வாய்ல தானா வந்தது அதுதான்.”

அமலோற்பவமேரி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

வீடு காய்ந்து, சேற்றை அள்ளிக் கொட்டி, திரும்பக் குடிபோக ஒரு வாரம் ஆயிற்று. ஒரு நாள் வெனிலாவுக்குத் தலை சீவி விடும்போது அவள் கேட்டாள்.

“அன்னிக்கு நான் கூப்புட்டப்ப கேட்டுச்சா?”

“ம்.”

“வரல.”

“போன்ல வந்தா வரக்கூடாதுன்னு சொன்னல்ல.”

“டீச்சர் கூப்புட்டப்ப மட்டும் ஏன் சொன்ன? டீச்சர்தான்னு தெரிஞ்சுதா?”

வெனிலா யோசித்தாள். “தெரியல மா. பேரு வந்துச்சு. ஜெனித் வந்துச்சு, இனியவன் வந்துச்சு, ஆசிப் வந்துச்சு. அப்புறம் எம்பேரு வந்துச்சு, சொல்லிட்டேன். சொல்லலன்னா ஆப்சென்ட் போட்ருவாங்க.”

“வேற யாராவது அந்த மாதிரி பேரு வாசிச்சிருந்தா?”

“சொல்லியிருப்பேன்” என்றாள் வெனிலா. அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

சீப்பு நின்றது. அம்மா குரலுக்கு இறங்காத பிள்ளை, வரிசையாகப் பெயர் வாசித்தால் இறங்கி வந்துவிடும். அன்றைக்கு அது உயிரைக் காப்பாற்றியது. அந்த வரிசை எத்தனை பேருக்குத் தெரியும்? வகுப்பில் இருக்கும் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கும்.

அடுத்த திங்கட்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. இந்த முறை அவள் டிவியைப் போடவில்லை. குழுவில் மைக்கை அழுத்தி, “இன்னிக்கு ஸ்கூலு உண்டுங்களா டீச்சர்?” என்று கேட்டாள். லீவு, கலெக்டர் அறிவித்துவிட்டார் என்று டீச்சரின் குரல் வந்தது. மில்லுக்குப் போயாக வேண்டும். முன் கதவுக் கொண்டியை மாட்டப் போனவள் திரும்ப உள்ளே வந்து வெனிலாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“யாரு வந்து தட்டினாலும்...” என்று ஆரம்பித்தாள்.

வெனிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்ததுபோல அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“நீயே சொல்லு மா. யாரு கூப்புட்டா தொறக்கணும்?”

அமலோற்பவமேரி வாயைத் திறந்தாள். டீச்சர் என்று சொல்லலாமா? மலர் ஆன்ட்டி? நான்? தொண்டை வரைக்கும் வந்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ நிற்பதுபோலவே இருந்தது. யாருக்கும் திறக்காதே என்று சொல்லலாமென்றால் கண்முன்னே அந்த வெள்ளத் தண்ணீர் வந்து நின்றது.

ரோட்டில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை. சிறிது நேரத்தில் மாரியப்பன் போனில் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. பிள்ளை இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.